மீன் திங்கிற ஊரில் செலினியம் மாத்திரை எதற்கு?

கீழக்கரைப் பையன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மழை விட்டதிலிருந்து எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சிலருக்கு டெங்கு என்றார்கள், சிலருக்கு வெறும் வைரல்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், வழக்கமான பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், பால்மாவு எல்லாவற்றோடும் செலினியம் என்கிற தாதுச்சத்து மாத்திரை நாலு டப்பா கொண்டு வந்திருக்கிறார். ஒரு மாத்திரையில் 200 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. இதைப் போட்டால் வைரஸ் கிட்டவே வராது, அங்கே எல்லாரும் போடுகிறார்கள் என்று ஒரே பேச்சு. உம்மாவுக்கு சர்க்கரையும் தைராய்டும் இருக்கிறது, அவருக்கு ஒன்று, வாப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அதோடு நிற்காமல் ஆறு வயது மகளுக்கும் தினம் ஒன்று என்று சொல்லிவிட்டார்.

மச்சானிடம் நேராக வேண்டாம் என்று சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். ஆனால் எனக்கு உறுத்துகிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் மீனில்தான் செலினியம் அதிகம் என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான், அன்றைக்கு பிரியாணி. அப்படியென்றால் எங்களுக்கு இது தேவையா இல்லையா? செலினியம் வைரஸைத் தடுக்கும் என்பதில் உண்மை ஏதாவது இருக்கிறதா, இல்லை வாட்ஸ்அப் கதையா? இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் வரத்து குறையும்போது என்ன ஆகும்?

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

தம்பி, முதலில் மகளுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இதற்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச அளவே 150 மைக்ரோகிராம்தான், அதுவும் சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து. அந்த ஒற்றை மாத்திரையே அதைத் தாண்டிவிடுகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுக்கக் கதை இல்லை, உள்ளே ஒரு உண்மை இருக்கிறது, ஆனால் டப்பா விற்கிறவர்கள் அதில் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

செலினியம் வைரஸைக் கொல்கிற மருந்து கிடையாது. நம் உடம்பு அதை எடுத்து சில புரதங்களுக்குள் பொருத்திக்கொள்கிறது, மனிதர்களில் அப்படிப்பட்ட புரதங்களுக்கு 25 மரபணுக்கள் இருக்கின்றன. அதில் குளூட்டாதையோன் பெராக்ஸிடேஸ் என்று ஒரு நொதி, செலினியம் இல்லாமல் அது வேலை செய்யாது என்பது 1973-ல்தான் தெரிந்தது. தொற்று வந்தால் நம் வெள்ளணுக்கள் கிருமியைத் தாக்குவதற்காக ஹைட்ரஜன் பெராக்ஸைடு மாதிரியான பொருட்களை உண்டாக்கும், அது மிஞ்சினால் நம் செல்லையே அரிக்கும். அந்த மிச்சத்தை அடக்குவது இந்த நொதியின் வேலைகளில் ஒன்று.

இதில் என்னை அசத்தியது சீனாவில் நடந்த விஷயம். வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கெஷான் என்று ஒரு பகுதி, 1935-ல் அங்கே இதயத் தசை வீங்கிப் பலர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும். அந்த ஊர் மண்ணில் செலினியம் மிகக் குறைவு, சனங்கள் அந்த மண்ணில் விளைந்த தானியத்தையே காலம் முழுக்கத் தின்றவர்கள். 1970-களில் பிள்ளைகளுக்கு சோடியம் செலினைட் என்ற செலினிய உப்பு மாத்திரை கொடுத்துப் பார்த்ததும் நோய் நன்றாகக் குறைந்தது. சரி, குறைபாட்டு நோய் என்று முடித்திருக்கலாம். ஆனால் மண்ணில் செலினியம் வருடம் முழுக்கத்தான் குறைவு, நோயோ சில மாதங்களில் ஏறியது, சில வருடங்களில் பெரிதாக வந்தது, சில வருடங்களில் பெயருக்கு வந்தது. அதனால் கூடவே ஒரு வைரஸும் இருக்க வேண்டும் என்று தேடினார்கள், நோயாளிகளிடம் காக்சாக்கி வைரஸ் கிடைத்தது.

பிறகு 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் மெலிண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் குழு ஒரு சோதனை செய்தது. இதயத்தைத் தொடாத சாதுவான காக்சாக்கி பி3 வைரஸை எடுத்து, செலினியம் இல்லாத தீவனம் தின்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் இதயம் கெட்டது. இது எதிர்பார்த்ததுதான், பலவீனமான எலி, அதனால் கெட்டது என்று சொல்லிவிடலாம். அந்த எலிகளிடமிருந்து வைரஸை வெளியே எடுத்து, நன்றாகச் சாப்பிட்ட, செலினியம் போதுமான எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் இதயமும் கெட்டது! பிரித்துப் பார்த்தால் வைரஸின் மரபணுவிலேயே ஆறு இடங்கள் மாறியிருந்தன. அதாவது குறைபாடுள்ள உடம்புக்குள் போன சாதுவான வைரஸ் முரட்டு வைரஸாக வெளியே வந்திருக்கிறது, அடுத்தவன் நன்றாகச் சாப்பிட்டவனாக இருந்தாலும் அவனையும் விடவில்லை. 2001-ல் இன்ஃப்ளூயன்ஸா வைரஸிலும் இதே குழு இதே மாதிரி மாற்றத்தைப் பார்த்தது. ஒரு ஆள் சரியாகச் சாப்பிடாதது அடுத்த வீட்டுக்காரருக்கும் பிரச்சினை ஆகலாம் என்கிற கோணம் எனக்கு இதற்கு முன் தோன்றியதே இல்லை.

இத்தனையும் எலியில். மனிதர்களில் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு 2004-ல் வந்தது, ரத்தத்தில் செலினியம் குறைவாக இருந்தவர்களுக்குத் தினம் 50 அல்லது 100 மைக்ரோகிராம் கொடுத்துவிட்டு, போலியோ சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். செலினியம் எடுத்தவர்கள் உடம்பிலிருந்து அந்தத் தடுப்பு மருந்து வைரஸ் சீக்கிரம் வெளியேறியது, வெளியே வந்த வைரஸில் மாற்றங்களும் குறைவு.

கவனித்தீர்களா தம்பி, எல்லாமே குறைவாக இருந்தவர்களை நிரப்பிய கதை. நிறைவாக இருக்கிறவனுக்கு மேலே கொட்டினால் காய்ச்சல் வராது என்று இதில் எங்குமே இல்லை. டெங்குவுக்கு செலினியம் மருந்து என்று எந்த சிகிச்சை வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

வத்தைக்காரன், தங்கச்சிமடம்:

அக்கா சொன்னது பாதி எனக்குப் புரிந்தது, பாதி தலைக்கு மேல் போய்விட்டது, ஆனால் மீன் பற்றிக் கேட்டால் நான் சொல்லலாம். கரையில் மீன் இறங்கினால் இறால், நண்டு, கணவாய் நல்ல அளவெல்லாம் கம்பெனிக்காரன் பெட்டிக்குள் ஐஸ் போட்டுப் போய்விடும். சீலா, பாறை மதுரைக்கு வண்டி ஏறும். எங்கள் வீட்டுச் சட்டிக்கு வருவது சூடை, காரல், நகரை, எப்போதாவது உடைந்த நண்டு. சின்ன வயதில் இதை நினைத்து ஆத்தாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் சூடையில் இருக்கிற சத்துக்குத்தான் வெளிநாட்டுக்காரன் டப்பாவில் காசு வாங்குகிறான்.

அக்கா, எந்த மீனில் எவ்வளவு என்று கொஞ்சம் கணக்காகச் சொல்லுங்களேன். கருவாட்டில் இருக்குமா, வெயிலில் போய்விடுமா? தடைக்காலத்தில் எங்கள் பக்கம் கருவாடுதான் அதிகம். விசைப்படகுக்குத்தான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, நாட்டுப்படகு போகும், வத்தையில் நாங்கள் போய்க்கொண்டுதான் இருப்போம். மீன் விலை ஏறும், மீனே இல்லாமல் போகாது. கீழக்கரைத் தம்பி அதற்குப் பயப்பட வேண்டாம்.

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

நான் சொல்வது அமெரிக்க வேளாண்மைத் துறை உணவு அட்டவணைக் கணக்கு, நம் கடல் மீனில் கூடக் குறைய இருக்கும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு சூரையில் 90-100 மைக்ரோகிராம், மத்தி இனத்தில் 50 பக்கம், உங்கள் சூடையும் மத்தியின் உறவுதான். கணவாயில் 45, இறாலிலும் நண்டிலும் 40-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு கோழி முட்டையில் 15. கோழிக்கறி 100 கிராமில் 25 பக்கம்.

நமக்கு வேண்டியது எவ்வளவு? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம். அமெரிக்காவில் 55. ஆக மதியம் ஒரு தட்டு சோற்றோடு நாலு துண்டு சூடைக் குழம்பு சாப்பிட்டாலே முடிந்தது விஷயம். வெள்ளிக்கிழமை பிரியாணியிலும் முட்டையும் கறியும் இருக்கிறதே.

கருவாட்டுக்கு வருகிறேன். செலினியம் மீனின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பது, வெயிலில் ஆவியாகிற சரக்கு இல்லை. ஈரம் போய்விடுவதால் எடைக்கு எடை பார்த்தால் கருவாட்டில் கூடுதலாகவே இருக்கும், சூரையைக் காயவைத்துச் செய்கிற மாசியும் அப்படித்தான். குழம்பு வைக்கும்போது தண்ணீரில் கொஞ்சம் இறங்கினாலும் அந்தக் குழம்பையும் நாம்தானே ஊற்றிச் சாப்பிடுகிறோம். கருவாட்டில் எனக்குள்ள கவலை உப்புதான், பிரஷர் மாத்திரை வாங்க என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கருவாட்டுப் பிரியர்கள்.

தடைக்காலத்தில் வரத்து குறைந்தாலும் உடனே ஒன்றும் ஆகாது. மீனிலும் தானியத்திலும் வருகிற செலினியத்தில் ஒரு பகுதி செலினோமெத்தியோனின் என்கிற வடிவம், அதை உடம்பு புரதத்தில் வழக்கமாக இருக்கிற மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் என்று நினைத்துத் தசைப் புரதத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழிக்கும். அந்த 61 நாளைத் தாண்டுவதற்கு அது போதும்.

பாதரசம் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சூடை, நெத்திலி, காரல் எல்லாம் சின்ன மீன், பாதரசம் குறைவு. பெரிய சுறா, மயில்மீன் மாதிரி மற்ற மீனைத் தின்று பல வருடம் வளர்கிறவற்றில் அது சேரும், கர்ப்பிணிகள் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யக் குட்டிச் சுறாவாகத்தான் நம் ஆட்கள் தேடுகிறார்கள், அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும்.

எதிர்க்கேள்வி:

எல்லாம் சரி, ஆனால் கொரோனா நேரத்தில் சீனாவில் செலினியம் அதிகமுள்ள ஊரில் நிறையப் பேர் பிழைத்தார்கள் என்று ஆய்வே வந்ததே? ஜெர்மனியிலும் இறந்தவர்களுக்கு செலினியம் குறைவு என்று படித்தேன். அதையெல்லாம் ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? மாத்திரை கம்பெனிக்கு எதிரான மனநிலையா?

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

நான் மாத்திரை விற்றுத்தான் சாப்பிடுகிறேன் ஐயா, எதிர் மனநிலையெல்லாம் கட்டுப்படி ஆகாது.

நீங்கள் சொல்வது 2020-ல் வந்தது, உண்மைதான். ஹூபே மாகாணத்தில் என்ஷி என்ற ஊரின் மண்ணில் செலினியம் ஏராளம், அங்கே குணமானவர்கள் விகிதம் அந்த மாகாணத்தின் மற்ற ஊர்களை விட அதிகமாக இருந்தது. மற்ற மாகாணங்களில் ஊர் ஊராகச் சனங்களின் தலைமுடியில் இருந்த செலினிய அளவை வைத்துப் பார்த்ததிலும் அதே திசைதான் தெரிந்தது. ஆனால் அது ஊர்களை ஒப்பிட்டது, ஆட்களை இல்லை. அந்த ஊரில் வயதானவர்கள் எத்தனை, ஆஸ்பத்திரி எப்படி, நெரிசல் எவ்வளவு, இதெல்லாம் உள்ளே கலந்திருக்கும். யாருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்க்கவும் இல்லை.

ஜெர்மனி விஷயத்தில் இன்னொரு சிக்கல். ரத்தத்தில் செலினியத்தைச் சுமந்து போகிற முக்கியப் புரதத்தைக் கல்லீரல் செய்கிறது, கடுமையான அழற்சி வந்தால் அதைச் செய்வது குறைந்துவிடும். அதனால் செலினியம் குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் செலினியம் குறைந்ததா என்று ரத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

எச்ஐவியில் மாத்திரை கொடுத்தே பார்த்த நல்ல ஆய்வு ஒன்று போட்ஸ்வானாவில் நடந்து 2013-ல் வெளிவந்தது. மல்டிவிட்டமினும் செலினியமும் சேர்த்து எடுத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி விழுவது தாமதமானது. செலினியம் மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஒற்றைச் சத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கோயில்வாசல், ராமேஸ்வரம்:

எல்லாரும் சூடை, கணவாய் என்றே பேசுகிறீர்கள், கடல் பக்கத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நாங்கள்தான் அந்த மாத்திரை போட வேண்டியவர்களா? இல்லை, இணையத்தில் சொல்கிற பிரேசில் கொட்டையா? அது என்ன விலை என்று பார்த்ததும் ஃபோனை மூடிவிட்டேன்.

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

அம்மா, கேட்க வேண்டிய கேள்வி. சைவத்தில் கணக்குப் போடுவது கஷ்டம், ஏனென்றால் செடிக்கு செலினியம் மண்ணிலிருந்துதான் வர வேண்டும். அதே கோதுமை ஒரு ஊரில் விளைந்தால் நிறைய, இன்னொரு ஊரில் விளைந்தால் ஒன்றுமில்லை. நம் நாட்டிலேயே பஞ்சாபில் நவாஞ்சஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணில் செலினியம் மிஞ்சிப் போய், அங்கே வளர்ந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு கழன்றிருக்கிறது, மனிதர்களுக்கு முடியும் நகமும் பாதித்திருக்கிறது. ஃபின்லாந்தில் நேர் எதிர், அங்கே மண்ணில் குறைவு, 1984-ல் முடிவெடுத்து நாடு முழுக்க உரத்திலேயே செலினியம் கலந்தார்கள், சனங்களின் ரத்த அளவு ஏறியது.

நமக்குள்ள ஒரு வசதி, இன்று யாரும் ஒரே வயல் தானியத்தைத் தின்பதில்லை. அரிசி ஒரு மாவட்டம், கோதுமை வடக்கு, துவரம்பருப்பு மகாராஷ்டிரா. கோதுமை, பருப்பு, கொண்டைக்கடலை, எள், பால், தயிர், கிடைத்தால் காளான், இப்படிக் கலந்து சாப்பிட்டால் பயப்பட அவசியமில்லை. வெறும் வெள்ளைச் சோறும் ரசமும் மட்டுமே என்று ஓட்டுகிற வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைத்தான் கவனிக்க வேண்டும். பிரேசில் கொட்டையில் ஒன்றே ஒன்றில் 70-90 மைக்ரோகிராம்கூட இருக்கும், முந்திரி மாதிரி கைநிறைய அள்ளிப் போட்டால் வம்பு. வாங்காமல் விட்டது நல்லதுதான்.

தொண்டி டு ஷார்ஜா:

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். கீழக்கரைத் தம்பியின் மச்சான் சொல்வது மாதிரி இங்கே எல்லாரும் போடுவதில்லை, ஜிம் போகிற பையன்களும் முடி கொட்டுகிறதே என்று கவலைப்படுகிறவர்களும்தான். என் அறையில் இருந்த ஒருவன் முடிக்கு ஒரு டப்பா, எதிர்ப்புச் சக்திக்கு ஒரு டப்பா, உடம்பு ஏற ஒரு டப்பா என்று மூன்றும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தான். மூன்றிலும் செலினியம் இருக்கிறது என்று அவன் படித்துப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தால் பூண்டு வாசனை, அந்த வாரம் அறையில் பூண்டே வாங்கவில்லை. நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்து, பெருவிரல் நகம் சட்டை பட்டன் போடும்போதே பிய்ந்தது. முடி? இருந்ததும் கொட்டியது. டாக்டர் மூன்றையும் நிறுத்தச் சொன்னார், கொஞ்ச மாதத்தில் சரியானது. முடிக்காகப் போட்ட மாத்திரையில் முடி போனதை நினைத்து இப்போதும் சிரிக்கிறோம், அவன் மட்டும் சிரிப்பதில்லை.

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

பூண்டு வாசனை, நகம் உடைவது, முடி கொட்டுவது, மூன்றுமே செலினியம் மிஞ்சியதன் அடையாளம், பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே சொல்லிவிட்டீர்கள். உடம்பு அதிகப்படி செலினியத்தை ஒரு ஆவியாக மாற்றி மூச்சு வழியாக வெளியேற்றுகிறது, அந்த வாசனைதான் அது. 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் லேபிளில் போட்டதை விட 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துபோய், 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். நல்ல கம்பெனி, சீல் வைத்த டப்பா என்பதெல்லாம் ஒரு அளவுக்குத்தான்.

பெரியவர்களுக்கு அமெரிக்க உச்ச அளவு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அதை 255 என்று வைத்தது. கீழக்கரைத் தம்பி வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மாத்திரை 200, மதியம் 100 கிராம் சூடை 50, காலையில் ஒரு முட்டை 15. அங்கேயே 265. இரவுச் சாப்பாட்டை இன்னும் சேர்க்கவில்லை.

வத்தைக்காரன், தங்கச்சிமடம்:

அப்படியென்றால் ஓட்டை இல்லாத வத்தைக்கு மேலே மேலே தார் பூசுகிற கதைதான், கனம்தான் ஏறும்.

கீழக்கரைப் பையன்:

அக்கா, அண்ணன், ஷார்ஜாக் காக்கா, எல்லாருக்கும் நன்றி. மகளுக்குக் கொடுப்பதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். வாப்பாவிடம் அந்த 265 கணக்கைச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் டப்பாவை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது, திரும்பிப் போகும்போது சூரைக் கருவாடும் மாசியும் கட்டிக் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். உம்மாதான் பிடிவாதம். தைராய்டுக்கு செலினியம் நல்லது என்று யாரோ சொன்னார்களாம், நான் மட்டும் போடுகிறேனே என்கிறார்.

மருந்துக்கடை அக்கா, மண்டபம்:

உம்மா கேள்விப்பட்டதிலும் விஷயம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதியிலும் செலினியம்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் இடிக்கிறது. தினம் 200 மைக்ரோகிராம் வருடக்கணக்கில் எடுத்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2007-ல் வந்தது, அவர்களில் சர்க்கரை நோய் வந்தவர்கள் அதிகம், அதுவும் ஆரம்பத்திலேயே ரத்தத்தில் செலினியம் நிறைவாக இருந்தவர்களிடம்தான் அதிகம். மீன் தின்கிற உம்மா எந்தப் பக்கம் வருவார் என்று நீங்களே பாருங்கள். டப்பாவை அவருடைய டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள், மற்ற மாத்திரைச் சீட்டுகளையும் சேர்த்து.

தெருவில் காய்ச்சல் இருக்கிறது என்றீர்கள். மொட்டை மாடித் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, தேங்காய்ச் சிரட்டை, இவற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். யாருக்காவது காய்ச்சல் விட்டபிறகு வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், ஈறில் ரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், டெங்குவில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் மோசம். உடம்பு வலிக்கு ப்ரூஃபன், ஆஸ்பிரின் வகை வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.